பலெம்பாங் சிறைமுகாமின் பெண்கள் பாடகர் குழு, 1942–45: ஒரு நிகழ்வு ஆய்வு

இரண்டாம் உலகப்போரின்போது சுமத்ரா தீவின் பலெம்பாங்கில் ஜப்பானியர் நடத்திய பெண்கள் முகாமில் ஒரு பாடகர் குழு இருந்தது. பசியும் மலேரியாவும் வாட்டிய 30 பெண்கள், கருவிகள் ஏதுமின்றி, சொற்களும் இன்றி, ஐரோப்பிய வாத்திய இசையைக் குரலால் மட்டுமே பாடினார்கள். 1943 டிசம்பர் 27-ல் நடந்த அவர்களுடைய முதல் கச்சேரி இசை உலகில் ஓரளவு அறியப்பட்டது. துன்பத்தில் இருக்கும் மக்கள் நடுவே ஒரு குவயர், அதாவது பாடகர் குழு, தொடங்க நினைப்பவர்கள் அந்த ஒரு நாளை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவார்கள். அந்தக் குழு உருவானது அதற்கு முந்தைய பதினெட்டு மாதங்களில், ஞாயிறு ஆராதனைகளில். கச்சேரி பின்னால் வந்த கிளை. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்காகவே ஆள் சேர்க்கும் குழுக்கள் பெரும்பாலும் ஜனவரியில் கலைந்துவிடுவதைச் சபைகளில் அடிக்கடி பார்க்கிறோம்.

யார் அங்கே இருந்தார்கள்

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதற்கு முந்தைய சில நாட்களில் பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு அவசரமாகப் புறப்பட்ட கப்பல்களில் பல பங்கா நீரிணையில் குண்டுவீச்சில் மூழ்கின, சில பிடிபட்டன. பிப்ரவரி 14-ல் மூழ்கிய வைனர் புரூக் கப்பலில் 65 ஆஸ்திரேலிய ராணுவச் செவிலியர் இருந்தார்கள். 12 பேர் கடலோடு போனார்கள். 21 பேர் பங்கா தீவின் கரையில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மீதி 32 பேர் சிறைப்பட்டார்கள். இப்படிக் கரையேறியவர்களிடம் உடுத்திய துணியைத் தவிர எதுவும் இல்லை. சுமத்ராவிலேயே குடியிருந்த டச்சுக் குடும்பத்துப் பெண்களும் கத்தோலிக்கக் கன்னியரும் பின்னர் அதே முகாமுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்கள் வீட்டிலிருந்து வந்தவர்கள்; துணிமணி, பாத்திரம், கொஞ்சம் பணம் எல்லாம் கையில் இருந்தன. ஆகவே முகாமுக்குள் மொழியால் ஒரு பிரிவு, உடைமையால் இன்னொரு பிரிவு. பெண்களும் குழந்தைகளுமாகச் சுமார் 600 பேர்.

இது முக்கியமான தகவல். துன்பப்படுகிற மக்கள் என்று வெளியிலிருந்து ஒரே கூட்டமாகப் பார்க்கிறோம். உள்ளே போனால் அப்படி இருப்பதில்லை. யாரிடம் பாய் இருக்கிறது, யாரிடம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். குவயர் தொடங்கும் முன் இந்தக் கோடுகள் எங்கே ஓடுகின்றன என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் சோப்ரானோ (உயர்ந்த பெண் குரல்) ஒரு தெருவாகவும் ஆல்ட்டோ (தாழ்ந்த பெண் குரல்) இன்னொரு தெருவாகவும் உட்கார்ந்துவிடும்.

குழுவைத் தாங்கியவர்கள் இருவர். மார்கரெட் டிரைபர்க் 1890-ல் இங்கிலாந்தின் சண்டர்லாந்தில், பிரஸ்பிட்டேரியன் போதகர் ஒருவரின் மகளாகப் பிறந்தவர். சீனாவின் சுவாத்தோவிலும் பிறகு சிங்கப்பூரிலும் மிஷனரி ஆசிரியையாக இருந்தார். பியானோவும் ஆர்கனும் வாசிப்பார், கவிதை எழுதுவார், படம் வரைவார். நோரா சேம்பர்ஸ் லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் வயலின் படித்தவர். கணவர் ஆண்கள் முகாமில் இருந்தார், சிறு மகளை முன்பே ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியிருந்தார். டிரைபர்க் எழுதினார், சேம்பர்ஸ் நடத்தினார்.

இந்த வேலைப் பிரிவினைதான் குழுவின் முதுகெலும்பு என்பது எங்கள் கருத்து. நம் சபைகளில் குவயர் மாஸ்டர் ஒருவரே பாட்டைத் தேர்ந்தெடுப்பார், நோட்டேஷன் எழுதுவார், பார்ட் (ஒவ்வொரு குரல் பிரிவும் பாடும் தனி வரி) கற்றுக்கொடுப்பார், ஆர்கனும் வாசிப்பார். வசதியான சபையில் இது நடக்கும். தலைவருக்கே பத்து நாள் காய்ச்சல் வரக்கூடிய இடத்தில் நடக்காது. முதல் வாரத்திலேயே இரண்டு பேரைக் கண்டுபிடியுங்கள்: தாளில் இசையைக் கையாளத் தெரிந்த ஒருவர், ஆட்களைக் கையாளத் தெரிந்த ஒருவர். இரண்டும் ஒருவரிடமே இருந்தாலும் இரண்டாமவரைத் தேடுங்கள்.

முதலில் மூன்று குரல்

பலெம்பாங்கின் ஐரீனலான் தெருவில் டச்சுக்காரர்கள் விட்டுப்போன சிறு வீடுகளில் அந்தப் பெண்கள் 1942 ஏப்ரல் முதல் அடைத்து வைக்கப்பட்டிருந்தார்கள். அங்கே ஞாயிறு ஆராதனைகளை டிரைபர்க் நடத்தினார். 1942 ஜூலை 5 ஆராதனையில் அவரே சொல்லும் மெட்டும் அமைத்த ஒரு கீதம் முதன்முறை பாடப்பட்டது. சிறைப்பட்டவர்களின் கீதம் என்று பெயர். அன்று பாடியவர்கள் மூன்றே பேர்: டிரைபர்க், ஷீலா பிரவுன், டாரதி மெக்லியோட். அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் எல்லோரும் சேர்ந்து அதைப் பாடினார்கள்.

மூன்று பேர் என்ற எண்ணில் ஒரு தொழில்நுணுக்கம் இருக்கிறது. புதுப்பாட்டை ஒருவர் தனியாகப் பாடிக் காட்டினால் மற்றவர்கள் கேட்பவர்களாகவே நின்றுவிடுவார்கள். அந்தக் குரல் நன்றாக இருந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். பத்துப் பேர் பாடிக் காட்டினால் அது ஏற்கெனவே முடிவான குழுவாகத் தெரியும். வெளியே நிற்பவர் உள்ளே வரத் தயங்குவார். மூன்று பேர் பாடும்போதுதான் நான்காவதாக ஒருவர் சேர இடம் இருப்பது கண்ணுக்குத் தெரியும்.

முதல் பாட்டைத் தேர்ந்தெடுக்க நாங்கள் வைக்கும் அளவுகோல் இது: மெட்டு ஒரு எட்டுச் சுரத்துக்குள் அடங்க வேண்டும், மிடில் சி-யிலிருந்து (பியானோவின் நடுவிலுள்ள சி சுரம்) மேல் சி வரை, மிஞ்சினால் டி. நான்கு வரி, ஒரே மெட்டில் மூன்று அல்லது நான்கு சரணம். ஒரு சுரத்துக்கு ஓர் அசை. இரண்டு மூச்சுக்கு மேல் தேவைப்படும் வரி வேண்டாம். பாட்டின் பொருள் பாடுகிறவர்களின் இன்றைய நிலைக்கு ஒட்ட வேண்டும். டிரைபர்க்கின் கீதம் விடுதலையைக் கேட்டது, பிரிந்த உறவுகளுக்காக வேண்டியது, பொறுமையைக் கேட்டது. வயிறு காலியாக இருப்பவர்களிடம் வெற்றிக்களிப்புப் பாட்டைக் கொடுத்தால் வாய் பாடும், தொண்டை இறுகிவிடும்.

முதல் இரண்டு மாதங்களுக்குத் தனிப் பயிற்சி நாள் வைக்காமல், ஆராதனை முடிந்தவுடன் அதே இடத்தில் இருபது நிமிடம் பாடுவது போதும். குரல் தேர்வு வேண்டாம். ஒவ்வொருவரையும் தனியாகப் பாடச் சொல்வது, ஏற்கெனவே அவமானப்பட்டு வாழ்கிறவர்களுக்கு இன்னொரு அவமானம். மூன்று மூன்று பேராகப் பாடவிட்டு, அருகே நடந்தபடி கேட்டாலே யார் மேலே, யார் கீழே என்று தெரிந்துவிடும். சுரம் பிடிபடாமல் ஒரே தொனியில் முனகுபவர்கள் எப்போதும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். அவர்களை வெளியேற்றாமல், சுரத்தை உறுதியாகப் பிடிக்கிற ஒருவருக்கு முன்னால் உட்கார வையுங்கள். பக்கத்தில் வைப்பதைவிட முன்னால் வைப்பது நல்லது. பின்னாலிருந்து வரும் குரல் இரண்டு காதிலும் சமமாக விழும். பலருக்கு ஆறேழு வாரத்தில் சுரம் சரியாகிறது.

பாடலுக்குக் கேட்பவர் என்று ஒருவர் இருக்க வேண்டும் என்பதும் அந்த முகாமில் தெரிந்தது. 1942 கிறிஸ்துமஸ் நேரத்தில், வேலைக்கு நடத்திச் செல்லப்பட்ட ஆண் கைதிகள் தூரத்துச் சாலையில் கடந்தபோது பெண்கள் கிறிஸ்துமஸ் பாட்டைப் பாடினார்கள். ஆண்களும் பதிலுக்குப் பாடினார்கள். பேசத் தடை இருந்த இடத்தில் அது கணவனுக்கும் மனைவிக்கும் நடந்த உரையாடல்.

சொற்களைக் கைவிட்ட முடிவு

சாதாரணப் பாடல் குழு ஓராண்டுக்கு மேல் நடந்தபின் ஒரு சுவரில் முட்டியது. பாட்டுகள் ஆங்கிலத்தில் இருந்தன. முகாமில் பெரும்பான்மையோர் டச்சுப் பெண்கள். புத்தகமும் இல்லை. இந்த இடத்தில்தான் சேம்பர்ஸும் டிரைபர்க்கும் வாத்தியக்குழுவின் இசையைக் குரலால் பாடுவது என்ற முடிவுக்கு வந்தார்கள். ‘ஊ’, ‘ஆ’, ‘லூ’, வாய்மூடிய ‘ம்’ போன்ற ஒலிகள் மட்டும். எழுதும் வேலையின் பெரும்பகுதி டிரைபர்க்குடையது. பியானோ இல்லை, அச்சிட்ட இசைத்தாள் இல்லை. நினைவிலிருந்து, கிடைத்த காகிதத்தில், நான்கு பெண் குரலுக்கு எழுதினார்.

இந்த முடிவு மூன்று சிக்கலை ஒன்றாகத் தீர்த்தது. முதலாவது மொழி. இரண்டு தாய்மொழிக்காரர்கள் ஒரே சொல்லைப் பாடும்போது உயிரொலிகள் சிறிதளவு வேறுபடும். சுருதி சரியாக இருந்தும் பாட்டு கலங்கலாகக் கேட்பதற்கு இதுவே காரணம். ஒரே ‘ஊ’ என்றால் பத்து நிமிடத்தில் ஒட்ட வைத்துவிடலாம். இரண்டாவது மனப்பாடம். சொல் இல்லாததால் சுரத்தை மட்டும் நினைவில் வைத்தால் போதும். நான்கு சரணத்தை யாரும் படியெடுக்க வேண்டியதில்லை. மூன்றாவது மூச்சு. வாய்மூடிப் பாடும் ‘ம்’ ஒலிக்கும் மெல்லிய ‘ஊ’ ஒலிக்கும் திறந்த வாயால் உரக்கப் பாடுவதைவிடக் குறைவான காற்றே செலவாகும். உடல் மெலிந்தவருக்கு இது சிறிய சலுகை இல்லை.

நான்காவதாக ஒன்றைச் சேர்க்கலாம்: சொல் இல்லாத பாட்டில் காவலர்கள் குற்றம் கண்டுபிடிக்க எதுவும் இல்லை. இதை அவர்கள் திட்டமிட்டார்களா என்பதைவிட, கண்காணிப்பில் வாழும் மக்கள் நடுவே குவயர் தொடங்குகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டிய விஷயம் என்பதால் சொல்கிறோம்.

நம் சபைகளுக்கு இங்கே ஒரு நேரடிப் பயன் உண்டு. இடம்பெயர்ந்தோர் குடியிருப்பிலோ, பல மாநிலத் தொழிலாளர்கள் வந்து கூடும் சபையிலோ, எந்த மொழியில் பாடுவது என்பதே முதல் சண்டையாகிறது. பழகிய பாமாலை மெட்டு ஒன்றை முதலில் சொல்லின்றி நான்கு வாரம் பாடிவிட்டு, பிறகு அவரவர் மொழியில் ஒவ்வொரு சரணம் என்று பிரித்துக்கொண்டால் சண்டைக்கு வழி குறையும்.

நான்கு பெண் குரலுக்கு எழுதுவது

இதுவே இந்த நிகழ்வின் மிகச் செழுமையான பகுதி. 30 பேர், நான்கு பார்ட். பார்ட்டுக்கு ஏழெட்டுப் பேர். ஆண் குரல் கிடையாது. சோப்ரானோ, ஆல்ட்டோ, ஆண் குரல்களான டெனர், பேஸ் என்று எழுதிய எதையும் அப்படியே எடுத்துப் பாட முடியாது. பேஸ் பார்ட்டை ஓர் எட்டுச்சுரம் மேலே தூக்கிப் பெண்களிடம் கொடுத்தால் அது நடுக்குரல்களின் நடுவே புகுந்து, கீழே இருக்க வேண்டிய சுரம் மேலே போய், இசையின் அடிமானமே கலைந்துவிடும்.

பெண் குரல்களில் தாழ்ந்தவை மிடில் சி-க்குக் கீழே ஜி வரை உறுதியாகப் போகும். எஃப் வரை போகிறவர்கள் சிலரே. மேலே, பயிற்சியில்லாதவர்களுக்கு நோகாமல் கிடைப்பது மேல் இ. எஃப், ஜி எல்லாம் சிலருக்கு மட்டும். ஆக ஒட்டுமொத்த இசையும் இரண்டு எட்டுச்சுரத்துக்குள், நான்கு வரிகளாக நெருக்கி அடுக்கப்பட வேண்டும். நெருக்கத்தில் எழுதும்போது சில விதிகள் உதவும். அடிச்சுரத்தைக் கீழ் ஆல்ட்டோவுக்குக் கொடுத்து, அதைத் தாண்டி வேறு பார்ட் கீழே போகாதபடி பார்க்க வேண்டும். மெட்டு எப்போதும் முதல் சோப்ரானோவில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. நடுக்குரலுக்கு அதைக் கொடுத்துவிட்டு மேல்குரலை ‘ம்’ என்று மிதக்க விட்டால் பாட்டு தடிமனாகக் கேட்கும். ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டில் (கார்டு) நான்கு சுரத்துக்கு இடமில்லாத இடத்தில் ஐந்தாம் சுரத்தை விடலாம். மூன்றாம் சுரத்தை விடக்கூடாது, விட்டால் பாட்டு வெறுமையாகும்.

டிரைபர்க் எழுதியவற்றின் பட்டியலைப் பார்த்தால் அவருடைய கணக்கு புரிகிறது. மெண்டல்சோன், ஷோப்பான், பிராம்ஸ், டெபுஸ்ஸி, பீத்தோவன்: இவற்றில் கணிசமானவை அடிப்படையில் பியானோவுக்கு எழுதப்பட்டவை. பியானோ இசை பத்து விரலுக்குள் அடங்கியது, ஏற்கெனவே சுருக்கப்பட்டது. அதை வாசித்துப் பழகியவரின் கைக்கு மெட்டு மட்டுமல்ல, நடுக்குரல்களும் அடிச்சுரமும் சேர்ந்தே நினைவிருக்கும். வாத்தியக்குழுவின் முழு இசையைக் காதால் கேட்டு நினைவில் வைப்பவருக்குப் பெரும்பாலும் மேல்மெட்டுதான் மிஞ்சும். நினைவிலிருந்து எழுத வேண்டிய கட்டாயத்தில் பியானோ இசையை நாடியது சரியான வழி என்றே படுகிறது. முதல் கச்சேரியில் இடம்பெற்ற த்வோர்ஷாக்கின் ‘லார்கோ’ வாத்தியக்குழுவின் இசைதான். ஆனால் அது மெதுவானது, நீண்ட சுரங்கள் கொண்டது, எல்லோருக்கும் தெரிந்த ஒரு மெட்டைச் சுற்றி அமைந்தது. அதையும் முழுதாக எடுக்காமல் சுருக்கியே பாடினார்கள்.

மெதுவான இசை எளிது என்று நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மெதுவான பாட்டில்தான் சுருதி இறங்கும். களைத்த உடல், நீண்ட சுரம், மெல்லிய குரல் மூன்றும் சேர்ந்தால் பாட்டு முடியும்போது அரைச்சுரம் கீழே போயிருக்கும். காரணம் காது மட்டும் அல்ல. மூச்சின் கடைசிப் பகுதியில் அழுத்தம் குறையும்போது சுரம் தொங்குகிறது. இதற்கு மருந்து, ஒரே பார்ட்டில் இருப்பவர்கள் ஒரே இடத்தில் மூச்சு எடுக்காமல் மாற்றி மாற்றி எடுப்பது. பார்ட்டில் நான்கு பேராவது இருந்தால்தான் இது கேட்பவர் காதுக்குத் தெரியாமல் நடக்கும். ஒவ்வொருவரும் தாம் மூச்சு எடுக்கும் இடத்தைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் இருப்பவர் குறித்த இடத்தில் தாம் எடுக்கக்கூடாது. அப்படியும் சுருதி இறங்கினால் வேகத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள், அல்லது தொடக்கச் சுருதியை அரைச்சுரம் மேலே வைத்துப் பாருங்கள். பல குழுக்களுக்கு எஃப் சுருதியில் தொங்கும் பாட்டு எஃப் ஷார்ப்பில் நிற்கிறது.

சுருதி கொடுக்க ஆர்மோனியமோ கீபோர்டோ இல்லையென்றால் ஒரு ட்யூனிங் ஃபோர்க் (தட்டினால் ஒரே சுருதி தரும் உலோகக் கவை) போதும். ஏ ஒலியைக் கேட்டு அதிலிருந்து ஒவ்வொரு பார்ட்டின் முதல் சுரத்தையும் நடத்துநர் கீழிருந்து மேலாகக் கொடுக்க வேண்டும்: கீழ் ஆல்ட்டோ, ஆல்ட்டோ, இரண்டாம் சோப்ரானோ, முதல் சோப்ரானோ.

பயிற்சியும் உடலும்

முகாம் பெண்கள் விறகு பிளந்தார்கள், தண்ணீர் சுமந்தார்கள். கழிவறைத் தொட்டிகளை அள்ளிச் சுத்தம் செய்த குழுவில் நோரா சேம்பர்ஸும் இருந்தார். அந்த வேலைகளுக்குப் பிறகுதான் பயிற்சி. முழுக் குழுவையும் அடிக்கடி கூட்ட முடியாததால் பார்ட் பார்ட்டாகச் சிறு கூட்டங்களில் கற்றார்கள்.

பார்ட் கற்றுக்கொடுக்கும்போது கீழ் ஆல்ட்டோவில் தொடங்குங்கள். மெட்டை முதலில் சொல்லிக்கொடுத்தால் எல்லோர் மனதிலும் அது ஒட்டிக்கொள்ளும்; பிறகு ஆல்ட்டோக்கள் தங்களை அறியாமல் மேலே ஏறுவார்கள். ஒரு முறைக்கு நான்கு தாளக்கட்டு. மூன்று முறை சேர்ந்து, ஒரு முறை அவர்கள் மட்டும், பிறகு அடுத்த நான்கு. முந்தைய நான்கை அடுத்ததோடு ஒட்டிப் பாடிவிட்டே மேலே போக வேண்டும். மூன்று நிமிடப் பாட்டு ஒன்று ஒரு பார்ட்டுக்குச் சராசரியாக மூன்று சந்திப்பு எடுக்கும். முழுக்குழு சேரும் முதல் நாளில் நான்கு பார்ட்டையும் ஒன்றாகப் போடாதீர்கள். வெளிப்பார்ட்டுகள் (மிக மேலே உள்ளது, மிகக் கீழே உள்ளது) இரண்டும் முதலில், நடுப்பார்ட்டுகள் பிறகு.

கச்சேரியில் அவர்கள் உட்கார்ந்துதான் பாடினார்கள். பலரால் நிற்க முடியவில்லை. உணவில் தயமின் சத்துக் குறையும்போது வரும் பெரிபெரி காலை வீங்க வைக்கும், இதயத்தைப் பலவீனமாக்கும், மூச்சிரைக்கும். வயிற்றுப்போக்கு உள்ளவரால் அரை மணி நேரம் ஒரே இடத்தில் இருக்க முடியாது. இப்படிப்பட்டவர்களோடு பாடும்போது பயிற்சி நாற்பது நிமிடத்தைத் தாண்டக்கூடாது. நடுவில் ஐந்து நிமிட ஓய்வு வேண்டும். உட்காரும் உயரம் முக்கியம். தரையில் சம்மணமிட்டால் வயிறு மடங்கி மூச்சு ஆழமாக இறங்காது. முழங்காலைவிட இடுப்பு சற்று உயரமாக இருக்கும்படி மணை, முக்காலி, கவிழ்த்த வாளி எதுவானாலும் சரி. எழுந்து வெளியே போகிறவர் யாரையும் தாண்டிப் போக வேண்டியிராத ஓர இருக்கைகள் இரண்டு மூன்றை ஒதுக்கி வையுங்கள், கேள்வி கேட்காதீர்கள்.

மலேரியா உள்ள ஊரில் பயிற்சி நாளைக் குறிப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒருவகை மலேரியாவில் காய்ச்சல் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை வரும். ஒன்றுவிட்டு ஒருநாள் பயிற்சி வைத்தால் காய்ச்சல் நாளும் பயிற்சி நாளும் ஒன்றாகி, அதே ஆள் தொடர்ந்து வராமல் போகக்கூடும். அவரைச் சோம்பேறி என்று மற்றவர்கள் சொல்லத் தொடங்குவார்கள். நாள் இடைவெளியை இரண்டு, மூன்று என்று மாற்றி வைத்தால் இந்த அநியாயம் நேராது. காய்ச்சலுக்குப் பதில் வேலை முறை என்று வைத்துக்கொண்டால், மில்லிலும் மீன்பிடியிலும் தோட்டத்திலும் வேலை செய்பவர்களுக்கும் இதே கணக்குதான்.

எதையும் சாப்பிடாமல் வந்தவரைப் பாடச் சொல்லாதீர்கள். இதில் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை. பாடுவது உடல் உழைப்பு. வெறும் வயிற்றில் தலைசுற்றல் வரும், அதிலும் ஆழ்ந்து மூச்சிழுக்கப் புதிதாகப் பழகுபவர்களுக்கு வரும். ஒருவருக்கு ஒரு டம்ளர் உப்புக்கஞ்சி, 30 பேருக்கு ஆறு லிட்டர். சுமார் 600 கிராம் அரிசி போதும். பாடுவதற்கு அரைமணி முன்னால், எல்லோருக்கும். பாடி முடித்தபின் கொடுத்தால் அது கூலியாகிவிடுகிறது. வராதவர் கஞ்சியை இழந்தவராகிறார். வீட்டில் படுத்திருப்பவருக்கும் ஒரு டம்ளர் அனுப்புங்கள்.

கச்சேரியும் அதன் பின்னும்

1943 செப்டம்பரில் முகாம், தாழ்வான நிலத்தில் மரமும் ஓலையும் கொண்டு கட்டிய கொட்டகைகளுக்கு மாற்றப்பட்டது. முதல் கச்சேரி அங்கேதான். கூட்டத்தைக் கலைக்கக் கத்திக்கொண்டு வந்த ஒரு காவலர் நின்று கடைசிவரை கேட்டார் என்று உயிரோடு திரும்பியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 1944-ல் மேலும் பாடினார்கள்; எழுதப்பட்ட இசை முப்பதை எட்டியது. ரவேலின் ‘பொலேரோ’ கூட அதில் உண்டு.

1944 அக்டோபரில் பங்கா தீவின் முந்தோக்குக்கு மாற்றப்பட்டபின் சாவு பெருகியது. பெண்களே குழி தோண்டி அடக்கம் செய்தார்கள். 1945 ஏப்ரலில் மீண்டும் சுமத்ராவுக்கு, லுபுக் லிங்காவ் அருகே பெலாலாவ் என்ற கைவிடப்பட்ட ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பயணத்தில் நலிந்துபோன டிரைபர்க் ஏப்ரல் 21-ல் இறந்தார். குழுவில் ஏறத்தாழ பாதிப் பேர் இறந்திருந்தார்கள். பாட்டு நின்றது.

பாட்டு உயிரைக் காத்தது என்று இந்த நிகழ்வைச் சொல்வோர் உண்டு. அப்படிச் சொல்ல எங்களால் முடியாது. சிறைப்பட்ட 32 ஆஸ்திரேலியச் செவிலியரில் இறந்தவர்கள் எட்டுப் பேர். எட்டு மரணங்களும் 1945-ல்தான். குழு செழித்தது பசி இன்னும் கொல்லத் தொடங்காத காலத்தில். உணவும் மலேரியா மருந்தான குயினைனும் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பார்கள். பாட்டு அவற்றின் இடத்தை நிரப்பவில்லை. பாடியவர்கள் பிற்காலத்தில் சொன்னது வேறு: பாடிய நேரத்தில் கைதியாக இல்லை என்று உணர்ந்தோம், மொழி தெரியாத பெண்ணோடு ஒன்றாக ஒன்றைச் செய்தோம் என்றார்கள். அது போதுமான பெரிய காரியம். குவயர் தொடங்குகிறவர்கள் இதற்குமேல் வாக்குக் கொடுக்கக்கூடாது. நிவாரண வேலையிலிருந்து ஆளையோ பணத்தையோ குவயருக்குத் திருப்பவும் கூடாது.

ஆள் குறையும்போது என்ன செய்வது என்பதை முன்பே தீர்மானித்து வைக்கலாம். ஒரு பார்ட்டில் மூன்று பேருக்குக் கீழே போனால் அந்தப் பார்ட்டைக் காப்பாற்ற முயலாதீர்கள். மிஞ்சியவர்கள் பயந்து கத்துவார்கள். நான்கை மூன்றாக்கி எழுதுங்கள், இரண்டாம் சோப்ரானோவையும் ஆல்ட்டோவையும் இணைத்து. அதன்பின் இரண்டு: மெட்டும் அடிச்சுரமும். அதன்பின் ஒரே மெட்டு, கீழே தம்புரா போல ஒரு சுருதி ‘ம்’. ஒவ்வொரு பாட்டுக்கும் இந்த மூன்று சிறிய வடிவங்களையும் ஆட்கள் நிறைந்திருக்கும்போதே எழுதி வைத்துவிட வேண்டும். இழப்பு நேர்ந்த வாரத்தில் யாருக்கும் எழுத மனம் வராது. இறந்தவரின் இருக்கையை மூடிவிடுவதா, காலியாக விடுவதா என்பதை அந்தப் பார்ட்டைச் சேர்ந்தவர்களே முடிவு செய்யட்டும்.

கைப்பிரதிகள்

இசை தப்பியது பல கைகளில் இருந்ததால். குழுவில் பாடிய, உடன்பிறந்த டச்சுப் பெண்களில் ஒருவரான ஆன்ட்வானெட் கோலைன் தன் கைப்பிரதியைக் காத்து வைத்திருந்து, 1980-ல் கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். 1980-களின் தொடக்கத்தில் அதே பகுதியின் பெனின்சுலா பெண்கள் குவயர் அந்தத் தாள்களைப் பார்த்துப் பாடியது; அதன்பின் பல நாட்டுப் பெண்கள் குழுக்கள் எடுத்துப் பாடுகின்றன.

உங்கள் குழுவின் இசையையும் அப்படி வைத்துக்கொள்ளலாம். முழு நோட்டேஷன் இரண்டு பிரதி, இரண்டு வேறு வீடுகளில். ஒவ்வொரு பார்ட்டுக்கும் தனித்தாள். பாடுபவருக்கு மற்ற மூன்று வரிகளும் தேவையில்லை, காகிதமும் நான்கில் ஒரு பங்குதான் ஆகும். ஐந்துகோட்டு நோட்டேஷன் தெரியாதவர்களுக்கு சோல்ஃபா (டோ, ரே, மி) எழுத்தில் அதே தாளின் மறுபக்கம். திருநெல்வேலி, நாகர்கோவில் சபைகளில் சோல்ஃபா பார்த்து நான்கு பார்ட்டும் பாடிய பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள், எழுதித்தரக் கேளுங்கள். தாளின் தலையில் சுருதி, தொடக்கச் சுரம், வேகம். ஓரத்தில் மூச்சுக் குறிகள். பென்சில் ஈரத்தில் கரையாது. பேனா மை கரையக்கூடும். பாடுபவரின் பெயரைத் தாளின் பின்னால் எழுதி வையுங்கள்.